ஆய்வுக் கப்பல் வேண்டாம் என்று சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலை அளக்கும் தானியங்கி மிதவைகளைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து, வழியில் அளந்த வெப்பநிலையையும் உப்பையும் செயற்கைக்கோளுக்கு அனுப்புவதைத் தெளிவாக விளக்கியிருந்தது. கடைசிப் பத்திதான் எனக்கு வருத்தம் தந்தது. ஆய்வுக் கப்பல்களின் காலம் முடிந்துவிட்டது, இனி யாரும் வாரக்கணக்கில் கடலில் கிடந்து தண்ணீர் அள்ள வேண்டியதில்லை என்று அது முடிகிறது. அப்படி அள்ளுகிறவர்களில் நானும் ஒருத்தி. கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது என் வேலை.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். வட்டமான உலோகச் சட்டம் ஒன்றில் 24 குப்பிகள், ஒவ்வொன்றும் 10 லிட்டர் பிடிக்கும். கூடவே வெப்பம், உப்பு, அழுத்தம் பார்க்கும் உணரிகள். இதைக் கம்பி வடத்தில் மாட்டி நிமிடத்துக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் இறக்குவோம். 4,000 மீட்டர் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஏறும்போது குறித்த ஆழங்களில் நிறுத்தி நிறுத்திக் குப்பிகளை மூடுவதால் இன்னும் கூடுதல் நேரம். அதுவரை கப்பலை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது மேலே இருக்கும் அதிகாரியின் பொறுப்பு. வடத்தை இறக்கி ஏற்றும் வின்ச் இயந்திரத்தை இயக்குபவர் வடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அலையில் கப்பல் சாயும்போது வடம் தொய்ந்து சடாரென்று விறைத்தால் அறுந்துபோகலாம். அறுந்தால் கருவி மொத்தமும் கடலோடு போச்சு. அதனால் கடல் சீறும்போது கேப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்த இடத்து நீர் கிடைக்காமலே நகர்வோம்.

குப்பிகள் மேலே வந்ததும் யார் முதலில் நீர் பிடிப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. காற்றோடு கலந்து மாறிவிடும் வாயுக்களுக்கு முதலிடம். உப்பு காத்திருக்கும், அதற்கு நீர் பிடிப்பவர்கள் கடைசி. ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய முன்வரிசை. வெயில் கொளுத்தும் வெப்பமண்டலக் கடலிலும் அந்த ஆழத்து நீர் 2 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், விரல்கள் மரத்துப்போகும். குழாயைச் சீசாவின் அடிவரை விட்டு, நீரை நன்றாக வழியவிட்டு, ஒரு குமிழிகூட நிற்காமல் நிரப்பவேண்டும். உடனே மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்து மூடிக் குலுக்கினால் பழுப்பாகப் படிவு இறங்கும். ஆக்சிஜன் அதில் பிடிபட்டுவிட்டது. அப்புறம் அமிலம் சேர்த்து, தையோசல்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்து ஆக்சிஜனின் அளவைக் கணக்கிடுவோம். 1888-ல் ஹங்கேரிய வேதியியலாளர் லுட்விக் விங்க்ளர் வெளியிட்ட முறை இது, இன்றும் இதுதான் உரைகல். ஆக்சிஜன் அற்றுப்போன அடுக்கிலிருந்து வந்த நீரில் படிவு வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். மீன் மூச்சுவிட முடியாத நீர் அது.

1960-க்குப் பிறகு உலகக் கடல்கள் தம் ஆக்சிஜனில் 2 சதவீதத்துக்கும் மேல் இழந்துவிட்டன என்று 2017-ல் ஒரு கணக்கு வெளியானது. மிதவைகளே இல்லாத காலத்து நீரை, முன்பின் தெரியாத பலர், ஆடும் கப்பலில் நின்று அளந்து எழுதிவைத்ததால்தான் அந்தக் கணக்கைப் போட முடிந்தது.

மிதவைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. குளிர்காலப் புயலில் எந்தக் கப்பலும் தங்காத இடங்களில் அவை அளக்கின்றன. ஆனால் உணரி நாளாக நாளாகத் தடம் மாறும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பகுதி மிதவைகள் உப்பை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டத் தொடங்கின. நம்பகமான பழைய அளவுகளோடு ஒப்பிட்டால்தான் இப்படிப்பட்ட பிழை தெரியவரும், அந்த அளவுகளுக்கு அடிப்படை கப்பலில் பிடித்த நீர். இன்னொன்று, பெரும்பாலான மிதவைகள் 2,000 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். அண்டார்க்டிக்கைச் சுற்றிய அடியாழ நீர் வெப்பமாகிவருவது தெரிந்ததே, கப்பல்கள் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை அதே கோட்டில் திரும்பப் போய் அளந்ததால்தான். பல மிதவைகளைக் கடலில் கொண்டுபோய் விடுவதும் இதே கப்பல்கள்தான்.

கப்பல் ஓடும் ஒவ்வொரு நாளும் பெரும் செலவு. அதனால் இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. நண்பகல் முதல் நள்ளிரவு வரை ஒரு குழு, அங்கிருந்து நண்பகல் வரை அடுத்த குழு. ஆடும் கப்பலில் ஆய்வகத் தராசின் எண் நிற்காது என்பதால் வேதிப்பொருள்களைக் கரையிலேயே நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவோம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தால் திரும்பிப் போக வழியில்லை, அடுத்த குப்பியை எடுத்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். இதைப் புகாராகச் சொல்லவில்லை. அட்லாண்டிக் கடலடியின் பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டறிந்த மேரி தார்ப், பெண் என்பதால் பல ஆண்டுகள் ஆய்வுக் கப்பலில் ஏறவே அனுமதிக்கப்படவில்லை. மற்றவர்கள் அளந்து கொண்டுவந்த ஆழ எண்களை வைத்தே அவர் கடலடி வரைபடத்தை வரைந்தார். எனக்குக் கிடைத்த இடத்தின் அருமை எனக்குத் தெரியும்.

கடலடியைத் துளையிட்டு ஆராய்ந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலின் பணி 1985-ல் தொடங்கி 2024-ல் நிறுத்தப்பட்டது. அப்போது அமெரிக்காவிடம் மாற்றுக் கப்பல் தயாராக இல்லை. கப்பலையாவது காசிருந்தால் கட்டிவிடலாம். அதில் கை பழகியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவர்களை மறுபடி சேர்ப்பது எளிதல்ல. இந்த நேரத்தில் கப்பலே தேவையில்லை என்று ஒரு நாளிதழ் எழுதினால், நிதியை வெட்டக் காத்திருப்பவர்களுக்கு அது வசதியாகிவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர் ஒருவரை ஆய்வுப் பயணம் ஒன்றுக்கு அனுப்புங்கள். நள்ளிரவுக் குழுவோடு நின்று பார்க்கட்டும். விஞ்ஞானிகளிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல் வின்ச் இயக்குபவரிடமும் கேட்டு எழுதட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

இப்படிக்கு,
கடல் வேதியியல் ஆய்வாளர் ஒருவர்