ஸ்பானிஷ் ஆசிரியர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஸ்பானிஷ் சொல்லித்தருகிற நமக்குப் பயிற்சி என்றாலே டெல்லிக்குத்தான் போகணும் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறோம், அது தேவையில்லை. ஸ்பெயின் அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்டிடியூட்டோ செர்வாந்தெஸ் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளை ஆன்லைனிலும் நடத்துகிறது. நேரலை வகுப்பு என்றால் மட்டும் நேரம் பாருங்கள்: ஸ்பெயினில் மாலை 6 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.

மொழித்திறனில் பி2 மட்டத்திலேயே நிற்பவர்கள், டெலே என்ற ஸ்பானிஷ் சான்றிதழ்த் தேர்வை அடுத்த மட்டமான சி1-இல் எழுதுங்கள். அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. சியெலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வின் சான்றிதழுக்கு 5 வருடம்தான்.

அப்புறம், உச்சரிப்பு. நேற்று ஒரு மாணவி 'பெரோ', 'பெர்ரோ' இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தாள். முதலாவது 'ஆனால்', இரண்டாவது 'நாய்'. நம் பேச்சில் ர, ற வித்தியாசம் போய்விட்டதால் 'பெர்ரோ'வில் வரும் 'ர்ர'வுக்கு நாக்கு அதிர மறுக்கிறது. ஆனால் 'ஞ' நமக்குப் பிறவியிலேயே வருகிறது, 'எஸ்பாஞா' (ஸ்பெயின்) சொல்ல ஒருவரும் திணறுவதில்லை. இதை எப்படிச் சொல்லித்தருவது என்று ஞாயிறு காலை 10 மணிக்கு வீடியோ காலில் பேசுவோம். வருகிறவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள், உங்கள் வகுப்பில் மாட்டிக்கொண்ட ஒரு சொல்லையும் கொண்டுவாருங்கள்.