காவல்காரியின் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசி கீமோ முடிந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. நேரில் பேச உட்கார்ந்தால் நம் இருவரில் ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறோம் என்பதால், எல்லோரும் படிக்கும் இடம் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன்.

கீமோ மருந்தான டோசிடாக்செல் உன் நகங்களை என்ன செய்தது என்பதை உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. வலது கட்டைவிரல் நகம் பழுப்பேறி, நுனியிலிருந்து சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த வாரத்தில், ஜன்னலோரம் அமர்ந்து நகத்தின் அடியை ஒட்டிய தோலை நீ வெட்டத் தொடங்கினாய். நான் ஒரு சொல்லும் சொல்லாமல் கத்தரியைப் பிடுங்கினேன். நீ விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாய். அதன்பின் நீ சொன்னதை இங்கே எழுதமாட்டேன். படிப்பவர்களில் நம் உறவினர்களும் இருப்பார்கள்.

பிடுங்கிய விதத்துக்காக வருந்துகிறேன், பிடுங்கியதற்காக அல்ல. மருந்து ஏறிய இரண்டாம் வாரம் அது, வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் காலம். நகத்தின் வேருக்குள் கிருமி புகாமல் அடைத்து நிற்பதே அந்தத் தோல்தான். அதிலும் அது அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கத்துக் கை. சிறு வெட்டு நகச்சுற்றாகிச் சீழ் பிடித்தால் கை முழுவதும் வீங்கக்கூடும், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓடியாக வேண்டும்.

நகங்களைக் காக்க, உறைய வைத்த கையுறைக்குள் கைகளை நுழைத்து, மருந்து ஏறி முடியும்வரை நீ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பழங்கதை பேசி உன்னைச் சிரிக்க வைத்தவளும் நான்தான். நகங்களைக் குட்டையாக, நேராக வெட்டி, பிசிறில்லாமல் அராவி, இரவில் களிம்பு தடவியவளுக்கு நீ வைத்த பெயர் காவல்காரி. பார்க்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன ஒட்டு நகங்களை மட்டும் அன்பென்று ஏற்றுக்கொண்டாய். அவற்றின் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், சீழ் கட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லும் பொல்லாப்பு எனக்கு மட்டும்.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். உன் கை நகங்கள் முழுவதும் புதிதாகிவிட்டன. கால் பெருவிரல் நகம் முழுதாக மாற ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம், அதை அவசரப்படுத்தாதே. அழகு நிலையத்துக்குப் போக விரும்பினால் போ. உன் கருவிகளையே எடுத்துச் செல், அந்த வலது கையில் மட்டும் தோலை வெட்ட விடாதே. அசிட்டோன் இல்லாத ரிமூவரை நான் வாங்கி வருகிறேன். நகப்பூச்சின் நிறத்தில் தலையிடமாட்டேன்.

உன் தங்கை