ஸ்பேசர் ஏற்றினால் ஸ்பிரிங் இறுகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைத் தாழ்த்துவது பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள் என்று எழுதியதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். வேலை செய்யும் சுற்று ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் அது 20 சதவீதம் விறைத்துப்போகும். அறுத்த முனையும் ஸ்பிரிங் உட்காரும் தட்டில் ஒழுங்காகப் படியாது.

ஆனால் அடுத்த பத்தியிலேயே, அந்தத் தட்டுக்கு அடியில் உள்ள மரை வைத்த வளையத்தை, அதாவது ஸ்பேசரை, திருகி ஏற்றினால் ஸ்பிரிங் இறுகி வண்டி கடினமாகும் என்று இருந்தது. 26 வருடமாகக் காருக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன் நான். இதைச் சொல்லாத வாடிக்கையாளர் குறைவு. அச்சிலும் வந்துவிட்டால் இனி அவர்களோடு வாதாட முடியாது.

நிற்கிற காரில் ஸ்பிரிங் தாங்குவது வண்டியின் எடையை. நான்கு ஸ்பேசரையும் 10 மி.மீ. ஏற்றுகிறோம் என்று வையுங்கள். எடை கூடியதா? இல்லை. அப்படியானால் ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் அளவும் அதேதான். பாடி மட்டும் மேலே போகும். கட்டில் காலுக்குக் கீழே கட்டை வைத்தால் மெத்தை இறுகுவதில்லை அல்லவா? சுற்றுகளின் நடுவே செருகும் ரப்பர் துண்டு வேறு சங்கதி. அது ஒரு சுற்றை முடக்கிவிடும், அதனால் ஸ்பிரிங் விறைக்கும். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார் போலும்.

ஒரு மூலையை மட்டும் ஏற்றினால் கதை மாறும். ஆடுகிற மேசையின் ஒரு காலுக்கு அட்டை வைப்பது போல, அந்தச் சக்கரத்தின் மேலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள சக்கரத்தின் மேலும் பாரம் கூடும். உயரம் சமமாகத் தெரிகிறதே என்று ஒரே மூலையைத் திருகிக்கொண்டே போகக் கூடாது என்பது இதனால்தான்.

ஸ்பேசரில் 10 மி.மீ. என்றால் வண்டியிலும் 10 மி.மீ. என்று கணக்குப் போடவும் முடியாது. முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்) இருந்தால் ஏறக்குறைய அதே அளவு வரும். பின் சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால் 20 மி.மீ. ஏறும். ஜாக்கியை இறக்கியவுடன் அளப்பதும் வீண். வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, காற்றைச் சமமாக வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஆள் எடைக்கு மூட்டை போட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புக்கு அளந்தால்தான் அது அளவு. ஆர்ம் முனையில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்குவதும் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் பிரேக். சில கார்களில் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே கம்பியால் இணைத்த ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் தாழ்ந்தால், சுமை ஏறிவிட்டது என்று அது எடுத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைக் கூடுதலாக விடும். என் சொந்தக் காரை 40 மி.மீ. இறக்கியபோது நானே இதை மறந்தேன். அலைன்மென்ட் பார்த்தேன், ஹெட்லைட்டைக்கூடத் திருத்தினேன். காலி வண்டி, ஈரச் சாலை. பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் முன்னால் வரப் பார்த்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி அன்றிலிருந்து நான் கை வைத்த எந்த வண்டியிலும் ஏறுமுன் “பிரேக் பார்த்தாச்சா?” என்று கேட்கிறாள். மறுநாள் வால்வுக் கம்பியைப் புதிய உயரத்துக்குத் திருத்தினேன், சரியாகிவிட்டது.

தட்டுக்கு அடியில் போடும் ஸ்பேசரையும் சுற்றுகளின் நடுவே செருகும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பிரேக் வால்வைப் பற்றியும் அதில் இரண்டு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு சஸ்பென்ஷன் மெக்கானிக்