நானோ துகள்: எந்த அளவைச் சொல்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலைச்சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் தயாரிப்பது பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில், 'துகளின் அளவு 20 நானோமீட்டர் என எக்ஸ் கதிர் ஆய்வில் உறுதியானது' என்றிருந்தது. ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்பவன் என்ற முறையில், இந்த வரியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

பொடியின் மீது பட்ட எக்ஸ் கதிர் எந்தக் கோணத்தில் எவ்வளவு வலுவாகச் சிதறுகிறது என்று காட்டும் வரைபடமே எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் பதிவு. அதில் உச்சி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு சிறியது படிகம் என்பதே 1918இல் இயற்பியலாளர் ஷெரர் தந்த சமன்பாட்டின் சாரம். அது தருவது படிகத் துணுக்கின் அளவைத்தான். பல துணுக்குகள் ஒட்டி ஒரே துகளாகியிருந்தால் அதை இச்சமன்பாடு காட்டாது. மேலும், கருவியே உச்சியைச் சற்று அகலமாக்குகிறது. துத்தநாக ஆக்சைடுக்கு 36.3 டிகிரியில் வரும் வலுவான உச்சியின் அகலம் 0.42 டிகிரி என்றால், தாமிரத்திலிருந்து பெறும் எக்ஸ் கதிருக்குக் கணக்கு 20 நானோமீட்டர் என்று வரும், அதில் 0.1 டிகிரி கருவியின் பங்கு என்று நேரடியாகக் கழித்தாலோ அதே பொடியின் அளவு 26 நானோமீட்டராகிவிடும். படிகத்தினுள் இருக்கும் திரிபும் (அணுக்களின் ஒழுங்கான இடைவெளி சற்றே பிறழ்ந்திருப்பது) உச்சியை அகலப்படுத்தும் என்பது வேறு. ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நூறு, இருநூறு துகள்களையாவது அளந்து பார்க்காமல் துகளின் அளவு இதுதான் என்று சொல்வது அவசரம்.

இலைச்சாறு பற்றியும் ஒரு சொல். வீழ்படிவைக் கழுவி உலர்த்தியபின் 500 டிகிரி செல்சியசில் சில மணி நேரம் சுட்டதாகக் கட்டுரையே கூறுகிறது. உலைக்குள் போகும்போது பழுப்பாக இருந்த பொடி வெள்ளையாகத் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பழுப்பு நிறம் தந்த கரிமச் சேர்மங்கள் காற்றில் எரிந்துபோய்விடுகின்றன. அப்படியிருக்க, இலையின் சேர்மங்கள் துகளைக் கவசம்போல் மூடியிருப்பதாகக் கட்டுரை முடிப்பதற்கு, எந்த வகைச் சேர்மங்கள் உள்ளன என்று காட்டும் அகச்சிவப்பு நிறமாலையில், சுட்ட பின் எடுத்ததைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும். சுடுவதற்கு முன் எடுத்தது அதற்கு உதவாது. (இலைச்சாறே சேர்க்காமல், வெறும் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொண்டு வீழ்படிவாக்கிய ஒப்பீட்டு மாதிரி இருந்ததா என்பதும் கட்டுரையில் இல்லை.)

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அளவு எந்தக் கருவியில், எந்த முறையில் பெறப்பட்டது என்பதை ஒரு வரியிலேனும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆய்வாளர் ஒருவர்