ஏ.ஏ.பி. பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள கல்பனா,

ஹெர்ன்டனில் வீடு அமைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் பெண்ணை ஏ.ஏ.பி.யில் சேர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தாய்: வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிப் பள்ளிகள் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நடத்தும் கூடுதல் சவாலான படிப்புத் திட்டம் அது. கொஞ்சம் தள்ளி ஆஷ்பர்னில் பார்த்திருந்தால் அது லவுடன் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). அங்கே திட்டத்தின் பெயரும் வேறு, விதியும் வேறு. ஃபேர்ஃபாக்ஸ் என்பதால் நான் விவரமாகவே எழுத முடியும்.

ஏ.ஏ.பி.யில் நான்கு லெவல். முதலாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இரண்டும் மூன்றும் உங்கள் பள்ளியே முடிவு செய்வது. ஊரே பேசுவது நான்காவதைப் பற்றி: மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை முழு நேரமும் தனி வகுப்பு. அதைக் கவுண்டியின் மையக் குழு தீர்மானிக்கிறது. அந்தக் குழு உன் பெண்ணை நேரில் பார்க்காது, ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். மதிப்பெண் அந்த ஃபைலில் ஒரு தாள், அவ்வளவே. நம் ஆட்கள் மாதக்கணக்கில் கோச்சிங்குக்குப் பணம் கட்டிவிட்டு, மற்ற தாள்களைக் கடைசி நாள் ராத்திரி நிரப்புகிறார்கள்.

மதிப்பெண்ணை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் வகுப்பில் என்.என்.ஏ.டி. என்ற சோதனை: 30 நிமிடம், 48 கேள்வி, எல்லாம் வடிவங்கள். இரண்டாம் வகுப்பின் இலையுதிர் பருவத்தில் கோகாட் என்ற இன்னொரு திறன் சோதனை. நீங்கள் புதிதாக வந்தவர்கள், எது விட்டுப்போயிருக்கிறது என்று பள்ளியில் இந்த வாரமே கேள். இரண்டிலும் சராசரி 100, அதே வயதுப் பிள்ளைகளோடுதான் ஒப்பீடு. கோகாட்டில் வெர்பல் (சொல்), குவான்டிடேடிவ் (எண்), நான்-வெர்பல் (வடிவம்) என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் மூன்று விதக் கேள்விகள். ரிப்போர்ட்டில் ‘9B (V-)’ என்று ஏதாவது இருக்கும். எண் அவளுடைய பொதுவான நிலை, 9 உச்சம். A என்றால் மூன்று பகுதியும் சமம். B, C எல்லாம் ஏற்ற இறக்கம். V- என்றால் வெர்பல் மட்டும் மற்றவற்றைவிடக் கீழே.

அந்த V- நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும். இந்த வயதில் வெர்பல் கேள்விகள் படங்கள்தான், ஆனால் படத்தில் இருக்கும் ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி), மிட்டன் (விரல் பிரியாத கையுறை), இலை வாரும் ரேக் எல்லாம் அடுக்குமாடியில் வளர்ந்த குழந்தை கையில் எடுத்திருக்காது. ஹோம் டிப்போ மாதிரி வீட்டுக் கருவிகள் விற்கும் கடைக்குப் போகும்போது ‘இது எதுக்கு?’ என்று கேட்டுக்கொண்டே நடப்பது ஒர்க்புக்கைவிடப் பயன். ‘சென்டன்ஸ் கம்ப்ளீஷன்’ மட்டும் ஆசிரியர் வாய்விட்டுப் படிப்பார், கவனம் சிதறினால் போச்சு. தாளை மடித்து ஓட்டை போடும் கேள்விக்கு வீட்டில் நிஜத் தாளும் ஓட்டை போடும் பஞ்ச் கருவியும் கொடுத்து நாலைந்து முறை செய்ய வை. இதற்கு மேல் பயிற்சி வேண்டாம் என்பது என் கட்சி.

பள்ளியின் முன்னணி மதிப்பெண்காரர்களைத் தானாகவே குழுவுக்கு அனுப்பும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் இல்லையென்றால் நீயே ரெஃபரல் (பரிந்துரை) படிவம் கொடுக்கலாம். வழக்கமான கெடு டிசம்பர் 15. பட்டியலில் இருந்தாலும் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாளையும், ஒர்க் சாம்பிளையும் (பிள்ளை தானே செய்த வேலையின் மாதிரி) விட்டுவிடாதே.

கேள்வித்தாளில் ‘கணக்கில் கெட்டிக்காரி, நிறையப் படிப்பாள்’ என்று எழுதினால் குழுவுக்கு ஒன்றும் தெரியாது. நியூயார்க் ஹோட்டல் லிஃப்டில் 13 இல்லாததைப் பார்த்து, “அப்ப 20ஆவது மாடிக்கு 18 மாடி ஏறினாப் போதும்”னு சொன்னாள் என்று போன கடிதத்தில் எழுதினாயே, அதை எழுது. அதையே அவள் கைப்பட ஒரு தாளில், கோடு போட்டு, எப்படிக் கணக்கிட்டாள் என்று எழுதினால் முதல்தரமான ஒர்க் சாம்பிள். அடித்துத் திருத்தியது இருந்தால் இருக்கட்டும், நீ கை வைக்காதே. 40 கணக்குக்கும் டிக் வாங்கிய ஒர்க்‌ஷீட், குமான் டியூஷன் சான்றிதழ், மெடல் படம் இவையெல்லாம் இடத்தை அடைக்கும். பக்க வரம்பை அந்த வருடப் படிவத்தில் பார்த்துக்கொள்.

பள்ளி நிரப்புவது ‘ஹோப்’ மதிப்பீடு, ஆசிரியர் பிள்ளையை எடைபோடும் படிவம், பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவானது. 11 வரிகள், படிப்போடு, பிறர்மேல் அக்கறை, முன்னின்று செய்வது போன்றவையும் உண்டு. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு இங்கேதான் அடி விழும். நவம்பரில் பேரண்ட்-டீச்சர் மீட்டிங்கில் “வீட்டில் இப்படியெல்லாம் கேட்கிறாள், வகுப்பில் கேட்கிறாளா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேள். பரிந்துரைக்கச் சொல்லி நச்சரிக்காதே.

முடிவு ஏப்ரலில் வரும். கிடைக்காவிட்டால் அப்பீல் செய்யலாம், ஆனால் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டும். பலர் வைப்பது விஸ்க் என்ற அறிவுத்திறன் சோதனை, உரிமம் பெற்ற உளவியலாளர் தனியாக உட்கார்ந்து எடுப்பது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலும் எடுக்கிறார்கள். ஏப்ரலில் எல்லோரும் ஓடுவதால் நேரம் கிடைக்காது, வேண்டுமென்றால் முன்பே பதிந்துவை. அதுவும் தோற்றால் அடுத்த வருடம் மறுபடி ரெஃபரல் கொடுக்கலாம்.

கிடைத்துவிட்டால் சென்டர் பள்ளிக்கு (பல பள்ளிகளின் லெவல் 4 பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி) மாறித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் பள்ளியிலேயே லெவல் 4 நடக்கிறதா என்று பார். ‘ஏ.ஏ.பி. போனால் டி.ஜே. ஹைஸ்கூல் நிச்சயம்’ என்பவர்களை நம்பாதே. டி.ஜே. என்பது தாமஸ் ஜெஃபர்சன், எல்லோரும் போட்டி போடும் அறிவியல் பள்ளி. 2020இல் அந்த நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் அந்தந்தப் பள்ளிக்கே ஒதுக்கீடு. கெட்டிக்காரப் பிள்ளைகள் குவிந்த சென்டரில் அந்த இடத்துக்குப் போட்டி கூடத்தான் செய்யும்.

கேள்வித்தாள் எழுதியதும் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். லிஃப்ட் தாளை மட்டும் அவளே எழுதட்டும்.

அன்புடன்,
ராஜி