இளைப்புக்கு ஐந்து படி

ரோண்டா, வேல்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. இங்கே குளிர் குறைந்துவிட்டது, மழைதான் விடுவதாக இல்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு இளைக்கிறது என்று எழுதிவிட்டு, ‘வயதானால் அப்படித்தான்’ என்று தீர்ப்பையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் வார்டுக்கு வரும் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது. தூசி மட்டும் அவர்கள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ‘கொஞ்சம் பஃப் குறைவு, அவ்வளவுதான் நர்ஸ்’ என்பார்கள். ‘பஃப்’ என்றால் மூச்சு. நாங்கள் அதை ‘ஷார்ட் ஆஃப் பிரெத்’ என்று குறித்துக்கொள்கிறோம், சுருக்கமாக எஸ்.ஓ.பி. அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வசவும்கூட! நோயாளி எட்டிப் பார்த்தால் சங்கடம்தான்.

ஆனால் அதை எழுதுவதோடு விட மாட்டோம். எதைச் செய்தால் இளைக்கிறது என்று கேட்போம். 1945இல் கார்டிஃபை அடுத்த லான்டாக்கில் சுரங்கத் தூசி நோயை ஆராய ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் தலைவராக இருந்த சார்லஸ் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதற்காகவே கேள்விகளை வகுத்தார். அதிலிருந்து வந்த ஐந்து படிகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். கடுமையாக உழைத்தால் மட்டும் இளைத்தால் முதல் படி. வேகமாக நடந்தாலோ சிறு மேட்டில் ஏறினாலோ இளைத்தால் இரண்டாவது. சமதரையிலேயே ஒத்த வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால் மூன்றாவது. நூறு கெஜம் போனதும் நின்று மூச்சு வாங்கினால் நான்காவது. சட்டை மாற்றவே மூச்சு இரைத்து, வீட்டை விட்டு வெளியே போக முடியாவிட்டால் ஐந்தாவது.

நீங்கள் எந்தப் படி? அம்மாவோடு காய்கறிக் கடைக்குப் போகும்போது யார் முன்னால் நடக்கிறீர்கள்? ‘வேடிக்கை பார்க்க நின்றேன்’ என்று சமாளிக்கும் வழக்கம் உங்களுக்கு உண்டு. இங்குள்ள தாத்தாக்களும் மேட்டில் ஏறும்போது யார் வீட்டுத் தோட்டத்தையாவது ரசிப்பதுபோல நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று. வார விடுமுறை முடிந்து மில்லுக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது என்று ராஜபாளையத்தில் இருந்தபோது சொல்வீர்களே, நினைவிருக்கிறதா? பஞ்சுத் தூசியால் வரும் நோயின் பழைய அடையாளமே அதுதான். பஞ்சாலைக்காரர்கள் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று சொல்வதுண்டு. டாக்டரிடம் முதலில் மில் வேலையைச் சொல்லுங்கள், எந்தப் பகுதியில் எத்தனை ஆண்டு என்பதோடு. பிறகு பீடியையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். இளைப்பு இதயக் கோளாறாலோ இரத்தச் சோகையாலோகூட வரலாம். ஆகவே நெபுலைசர் (மருந்தைப் புகைபோல இழுக்க வைக்கும் கருவி) மட்டும் வைத்து அனுப்பினால் வந்துவிடாதீர்கள்.

செலவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். சித்தப்பாவை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் படி என்று பதிலில் எழுதுங்கள். அம்மாவிடமும் தனியாகக் கேட்பேன்.

அன்பு மகள்
செல்வி