பணம் கொடுத்தவர் பெயரும் படித்து வந்தவர் பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் அதன் செவரன்ஸ் மருத்துவமனையைப் பற்றியும் வந்த கட்டுரையை வாசித்தேன். தகவல்கள் பெரும்பாலும் சரிதான். ஆனால் ஓர் அமெரிக்க டாக்டர் வந்தார், ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரர் பணம் கொடுத்தார், மருத்துவக் கல்லூரி உண்டாகிவிட்டது என்ற எண்ணம்தான் கடைசியில் மிஞ்சுகிறது. அங்கே முதன்முதலாகப் படித்துப் பட்டம் வாங்கிய ஏழு கொரியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல வருடம் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு இது சின்னக் குறையாகத் தெரியவில்லை.

அந்த அமெரிக்க டாக்டர் ஹோரஸ் ஆலனின் கதை சுவையானது, மறுக்கவில்லை. 1884 டிசம்பர் 4 இரவு சியோலில் அஞ்சல் அலுவலகத் திறப்பு விருந்து நடந்துகொண்டிருந்தபோது ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி வெடித்தது. அரசியின் நெருங்கிய உறவினரான மின் யோங்இக் வாள்வெட்டுப்பட்டுச் சாகக் கிடந்தார். ஆலன் கொரியாவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மிஷனரியாக வந்தவர்தான்; மதப் பிரசாரத்துக்கு அங்கே அனுமதி கிடையாது என்பதால் அமெரிக்கத் தூதரக டாக்டர் என்ற பெயரில்தான் இருந்தார். அவர் போனபோது கொரிய வைத்தியர்கள் வெட்டுக்காயத்தில் கறுப்பு மெழுகை ஊற்றத் தயாராக நின்றதாக எழுதி வைத்திருக்கிறார். காயத்தைத் தைத்து, மாதக்கணக்கில் கவனித்து, ஆளைப் பிழைக்க வைத்தார். அதன் பலனாக 1885 ஏப்ரலில் மருத்துவமனை திறந்தது. முதலில் குவாங்ஹேவொன், இரண்டே வாரத்தில் ஜேஜுங்வொன் என்று பெயர் மாறியது. கலகத் தலைவர்களில் ஒருவரான ஹோங் யோங்சிக் கொல்லப்பட்டபின் பறிமுதலான வீட்டைத்தான் மன்னர் கோஜோங் இதற்குக் கொடுத்தார். முதல் வருடத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் வந்ததாக ஆலனின் அறிக்கை சொல்கிறது.

உங்கள் கட்டுரை இதை ‘மிஷன் மருத்துவமனை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. வீடும் செலவும் அதிகாரிகளும் அரசுடையவை. டாக்டர்கள் மட்டும் மிஷனுடையவர்கள். 1894இல்தான் நிர்வாகம் மிஷன் கைக்குப் போனது. இதனால்தான் ஜேஜுங்வொன் எங்கள் மூதாதை என்று யோன்செய் சொல்ல, அது அரசு மருத்துவமனைதானே, எங்களுடையது என்று சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் சும்மா சொல்லவில்லை. 1886இல் அங்கேயே 16 மாணவர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு தொடங்கியதும் உண்மைதான். ஆனால் அதிலிருந்து பட்டம் பெற்ற டாக்டர் ஒருவர்கூட வெளியே வரவில்லை. ஆகவே கல்லூரியின் வரலாற்றை 1886இலிருந்து எழுதுவதைவிட, 1893இல் வந்த ஆலிவர் ஏவிசனிடமிருந்து எழுதுவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். டொரோன்டோவில் மருத்துவப் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

ஏவிசன் வந்த வருடமே ஒரு நோயாளியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பாக் சோங்சுன் என்பவருக்கு டைஃபாய்டு. அவர் பேக்ஜோங், அதாவது மாடு வெட்டும் தொழில் செய்யும் ஒதுக்கப்பட்ட சாதி. பெரியவர்கள் அணியும் குதிரைமயிர்த் தொப்பியை அந்தச் சாதி ஆண்கள் தலையில் வைக்கக்கூடாது. தொப்பி இல்லாதவன் எத்தனை வயதானாலும் சின்னப்பையன் கணக்கு; யாரும் மரியாதையில்லாமல் கூப்பிடலாம். இதையெல்லாம் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. மன்னருக்கே நாடி பிடிக்கிற ஏவிசன் அந்த வீட்டுக்குள் பலமுறை போய்வந்தார். பாக் பிழைத்து எழுந்தார், தேவாலயத்திலும் சேர்ந்தார். கசாப்புக்காரனோடு சேர்ந்து உட்காரமாட்டோம் என்று மேல்குடியினர் கிளம்பிப் போனார்கள். தனி இருக்கையாவது போடுங்கள் என்று கேட்டார்கள்; சாமுவேல் மூர் என்ற போதகர் மறுத்துவிட்டார். பிறகு பாக் அரசுக்கு மனுப்போட்டுத் தன் சாதியாரும் தொப்பி அணிய உத்தரவு வாங்கினார். 1898இல் சியோல் ஜோங்னோ தெருவில் கூடிய மக்கள் பேரவையில், மந்திரிகள் இருக்கும்போதே மேடையேறிப் பேசினார்.

அவருடைய மகன் பாக் சோயாங். பையனை மனிதனாக்குங்கள் என்று அப்பா ஏவிசனிடம் ஒப்படைத்தார். ஏவிசன் முதலில் தரை கூட்டவும் படுக்கை விரிக்கவும்தான் விட்டார். முகம் சுளிக்காமல் செய்கிறானா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் புத்தகத்தைக் கொடுத்தார். அப்பா மாடு வெட்டிய கத்தியைப் பற்றி வகுப்புத் தோழர்கள் என்னென்ன கிண்டல் செய்திருப்பார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

புத்தகம் என்று சொன்னேன், அதுவே ஒரு தனிக்கதை. மாணவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. கொரிய மொழியில் உடற்கூறியல் நூலே கிடையாது. ஆங்கிலத்தில் பெயர்பெற்ற கிரேயின் உடற்கூறியல் நூலை ஏவிசன் ஓர் உதவியாளரோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். அவர் விடுப்பில் போயிருந்தபோது அந்த உதவியாளர் இறந்துபோக, கைப்பிரதி தொலைந்தது. இரண்டாவது முயற்சி தீயில் போனது. மூன்றாவது முறை, கிம் பில்சுன் என்ற மாணவர் ஒரு ஜப்பானிய உடற்கூறியல் நூலைக் கொரிய மொழிக்குக் கொண்டுவர, 1906இல் அச்சேறியது. நரம்புக்கும் தசைக்கும் மாணவன் பெயர் வைத்து, அதை ஆசிரியர் வகுப்பில் நடத்தியிருக்கிறார்! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் வழியில் மருத்துவம் கற்பித்து, தமிழிலேயே உடற்கூறியல் நூலும் வெளியிட்டது 1870களில். அந்த விஷயத்தில் நாம்தான் முந்தினோம். பிறகு என்ன ஆனோம் என்று இங்கே எழுதினால் கடிதம் நீண்டுவிடும்.

இனி உங்கள் கட்டுரை முக்கால் பங்கு இடம் ஒதுக்கிய பணக் கதை. 1900இல் நியூயார்க் மாநாட்டில் ஏவிசன் பேசியதைக் கேட்டு, ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் செவரன்ஸ் 10,000 டாலர் கொடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஐடா ஸ்கடருக்கு வேலூர் மருத்துவமனைக்காக ஷெல் என்ற வங்கிக்காரர் கொடுத்ததும் இதே 10,000 டாலர்தான். கட்டுரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒரே மருத்துவமனைக்கு இவ்வளவா, பாதியை ஊழியத்துக்குத் திருப்பிவிடலாம் என்று கொரியாவிலிருந்த மிஷனரிகளில் ஒரு சாராரே தடுத்தார்கள். முழுவதும் மருத்துவமனைக்குத்தான் என்று செவரன்ஸ் உறுதியாக நின்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வருவது அந்த இடத்தில்தான். தெற்கு வாசலுக்கு வெளியே, இன்றைய சியோல் ரயில் நிலையத்துக்கு எதிரில், 1904இல் கட்டடம் திறந்தது.

1908 ஜூன் 3 அன்று ஏழு பேர் பட்டம் பெற்றார்கள். நாடு ஏற்கெனவே ஜப்பானின் பிடியில். விழாவுக்கு வந்தவர்களில் கொரியாவை மேற்பார்வையிட்ட ஜப்பானிய ரெசிடென்ட் ஜெனரல் இட்டோ ஹிரோபுமியும் ஒருவர். கொரிய உள்துறை அமைச்சகம் ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்ட மருத்துவ உரிமங்களை இவர்களுக்குத்தான் வழங்கியது. கிம் பில்சுனும் பாக் சோயாங்கும் அந்த ஏழு பேரில் இருவர். பாக் அங்கேயே ஆசிரியரானார். என் உடம்பில் ஓடும் பேக்ஜோங் ரத்தத்தைப் பார்க்காதீர்கள், அறிவியல் ரத்தத்தைப் பார்த்துப் படியுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னதாக இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

உரிமம் வாங்கி இவர்கள் சுகமாக உட்கார்ந்துவிடவில்லை. சுதந்திர இயக்கத் தொடர்பால் கைது நெருங்கியதும் கிம் பில்சுன் 1911 கடைசியில் சீனாவுக்குத் தப்பினார். 1919இல் அங்கேயே இறந்தார். (1930களில் ஷாங்காய் சினிமாவின் பெரிய கதாநாயகனாக விளங்கிய ஜின் யான் இவருடைய மகன்.) பாக் சோயாங் 1917இல் மஞ்சூரியாவின் யான்ஜி பகுதிக்குப் போய், குடிபெயர்ந்த கொரியர்களுக்கு மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தினார். 2008இல்தான் கொரிய அரசு அவரைச் சுதந்திரப் போராட்ட வீரராகக் கௌரவித்தது. இறந்து அறுபத்தெட்டு வருடம் கழித்து!

பல்கலைக்கழகம் உருவான கதையைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. அண்டர்வுட் என்ற மிஷனரி 1915இல் தொடங்கிய கல்லூரிதான் யோன்ஹி கல்லூரி ஆனது. அவர் மறைந்தபின் ஏவிசனே யோன்ஹி, செவரன்ஸ் இரண்டு கல்லூரிகளுக்கும் தலைவராக இருந்தார். இரண்டும் 1957இல் இணைந்து யோன்செய் ஆயின. ஆனால் 1934இல் ஏவிசனுக்குப் பிறகு செவரன்ஸ் கல்லூரியின் தலைமைக்கு ஓ குங்சோன் என்ற கொரிய டாக்டர் வந்தார் என்பதையும் சேர்த்திருக்கலாம். ஜப்பானிய ஆட்சி 1942இல் செவரன்ஸ் என்ற பெயரையே எடுத்துவிட்டு ‘அசாஹி மருத்துவக் கல்லூரி’ ஆக்கியதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ‘1885இல் திறந்த முதல் மருத்துவமனைக் கட்டடம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது யோன்செய் வளாகத்தில் 1987இல் பழைய மாதிரியில் புதிதாகக் கட்டியது. முதல் வீடு இருந்தது ஜேதோங் பகுதியில். இப்போது அங்கே கொரிய அரசமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால், 1908இல் பட்டம் பெற்ற அந்த ஏழு பேர் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.